மூடுவண்டி

ஜனவரி 8

இன்று முதல் நாள் வேலை. கேட்டிலேயே போனை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிறகு நான்கு பக்கத் தாள் ஒன்று. உள்ளே பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று தமிழிலும் அச்சடித்திருந்தது. முழுதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பெயர் அம்சவல்லி, வயது முப்பத்தாறு, படிப்பு பன்னிரண்டாவது, கணவர் பெயர் விஜயகுமார். அவர் என்ன வேலை என்ற இடத்தில் "உப்பு லாரி லோடுமேன்" என்று எழுதிவிட்டேன். கைப் பழக்கம். அப்புறம் அதை அடித்துவிட்டு "வீட்டில் இருக்கிறார்" என்று எழுதினேன்.

பதினோரு பேருக்கு மதியச் சாப்பாடு செய்ய வேண்டும். மூன்று மணிக்கு வீடு. நான் இருக்கும் சமையல் கொட்டகைக்கும் பெரிய ஷெட்டுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் தகரம் அடித்திருக்கிறது. அங்கே கம்பெனிக்காரர்கள் செய்யும் புது வண்டியை யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 11

ஊர் அதற்கு மூடுவண்டி என்று பெயர் வைத்துவிட்டது. கார்த்திகை மாதம் லாரியில் நீலத் தார்ப்பாய் போர்த்தி இறக்கினார்களே, அன்றிலிருந்து இதே பேச்சு. பக்கத்து ஊர் அனுமந்தைக்காரர்கள் அது தண்ணீர் மேல் ஓடும், அதனால்தான் கடலோரமாய் இடம் பிடித்தார்கள் என்கிறார்கள். உப்பள முதலாளி அப்பாதுரை அது உப்பில் ஓடும் வண்டி, இனி மரக்காணம் உப்புக்கு உலகமே வரிசையில் நிற்கும் என்று டீக்கடையில் சத்தியம் செய்கிறாராம். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் அக்கா இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, பறக்குதாமே? எனக்கு மட்டும் சொல்லு" என்றாள். தெரியாது என்றேன். "கம்பெனி சோறு பொங்கப் போனதும் வாய்க்குப் பூட்டு வந்திடுச்சு பாரு" என்று போய்விட்டாள்.

மதியம் நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது அக்காதான். கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

ஜனவரி 19

"வல்லி, இங்க வா. இத பாரு."

இவர் போனில் ஒரு படம். யாரோ திருட்டுத்தனமாக வெளியே விட்ட படமாம். பென்சிலில் வரைந்தது. இரண்டு சக்கரம், நடுவில் ஒரு பலகை, அதன்மேல் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிறான். உட்கார இடமே இல்லை. படத்துக்குக் கீழே ஒருவன் மூச்சுவிடாமல் பேசுகிறான். இனி மனிதன் நடக்கவே தேவையில்லை, ரோடு போடும் முறையே மாறப் போகிறது, சித்திரையில் உலகத்துக்குக் காட்டப் போகிறார்கள், அதுவரை பரம ரகசியம் என்று. லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள்.

"நடக்கவே வேணாமாம். அப்ப யாருக்காக செய்யறாங்க? நடக்கறவனுக்கு எதுக்கு அது? என்ன மாதிரி ஆளுக்குத்தான? நிக்க வெச்சு, புடிச்சிக்கிட்டு, அதுவே இட்டுனு போயிடும் போல."

லோடு உச்சியிலிருந்து இவர் தார்ரோட்டில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வே இல்லை என்று புதுச்சேரி டாக்டர் சொன்ன நாளிலிருந்து, நாளைக்கு என்ன என்று இவர் வாயால் ஒரு வார்த்தை வந்ததில்லை. இன்று சித்திரை எப்போது பிறக்கிறது என்று காலண்டரைப் பார்க்கச் சொன்னார்.

"உள்ள நீ பார்த்தியா?"

"இல்லீங்க."

இன்றைக்கு அது உண்மை.

ஜனவரி 20

அவராகவே கேட்டுச் சவரம் செய்துகொண்டார்.

பிப்ரவரி 2

கலியன் அண்ணன் வந்திருந்தார். இவரோடு பத்து வருடம் ஒன்றாக மூட்டை தூக்கியவர். தாலுகா ஆபீசில் இருபத்தேழாம் தேதி மாற்றுத்திறனாளிகள் முகாமாம். டாக்டர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால் பேட்டரி வீல்சேர் கிடைக்கும். ஆளை நேரில் அழைத்துப் போக வேண்டும். ஆட்டோவுக்கு நான் சொல்லிட்டேன் என்றார்.

இவர் சிரித்தார். "வேணாம்பா. அத வாங்கிட்டா நாளைக்கு இத தர மாட்டான். கவர்மென்ட்ல ஒருத்தனுக்கு ஒண்ணுதான்."

"எத தர மாட்டான்?"

"மூடுவண்டிய."

கலியன் அண்ணன் என்னைப் பார்த்தார். ஏதாவது தெரிந்தால் சொல்லு என்பது போல. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். இல்லையென்று எழுதினால் பொய்.

பிப்ரவரி 8

பார்த்துவிட்டேன்.

மோர் கேட்டு ஆள் வந்தது. வெளியே வர நேரமில்லை, நீங்களே கொண்டு வாங்க என்று. தகரத் தடுப்பைத் தாண்டி முதல் தடவை போனேன். ஷெட்டுக்குப் பின்னால் உப்பளத்து வரப்பைச் சமப்படுத்தி நீளமாகப் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் சரத்குமார் தம்பி வண்டி மேல் நின்று போய்க்கொண்டிருந்தது. இன்ஜினியர் தம்பி, ரசம் பிடிக்கும் என்று கேட்டு வாங்கும் தம்பி. சத்தமே இல்லை. பாத்தித் தண்ணீரில் அதன் நிழல் கூடவே போயிற்று. அழகாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பக்கத்தில் வந்தபோதுதான் காலைக் கவனித்தேன். முழங்காலை மடக்கினால் வேகம் எடுக்கிறது. குதிகாலை அழுத்தினால் நிற்கிறது. ஒரு பக்கக் காலில் பாரம் போட்டால் அந்தப் பக்கம் திரும்புகிறது. கைக்கு அதில் வேலையே இல்லை. தம்பி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு ஓட்டிக் காட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

மோர் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9

சொல்லவில்லை.

பிப்ரவரி 11

சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தாளுக்கா பயப்படுகிறேன்? சவரம் செய்த அந்த முகத்துக்குத்தான்.

பிப்ரவரி 14

சத்யப்ரியா மேடம்தான் அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். வயது முப்பதுகூட இருக்காது. சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டேன். "மேடம், கால் வராதவங்க அதுல போக ஏதாவது வழி உண்டா?"

குழாயை மூடிவிட்டு நின்றார். "யாருக்கு அக்கா?"

சொன்னேன்.

"ஆரம்பத்துல அத பத்தி பேசினோம். உட்கார்ந்து ஓட்டற மாதிரி ஒண்ணு. அப்புறம் ஆள் நிக்கறதுதான் பார்க்க நல்லா இருக்குதுன்னு..." முடிக்கவில்லை. பிறகு, "சாரி அக்கா" என்றார். அவர் கண்ணைப் பார்த்தால் கெட்ட மனசு என்று சொல்ல முடியாது. அதனால் என்ன ஆகப் போகிறது?

பிப்ரவரி 18

வீட்டுக்குள் நுழைந்தால் இவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மார்பைச் சுற்றித் துண்டு, துண்டின் முனைகள் ஜன்னல் கம்பியில். கொளஞ்சி அக்காவைக் கட்டிவிடச் சொல்லியிருக்கிறார். முகமெல்லாம் வேர்வை.

"ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன் வல்லி. உடம்ப பழக்கணும் இல்ல? படுத்தே கெடந்தவன திடீர்னு நிக்க வெச்சா தல சுத்தும்."

அவிழ்த்துவிட்டேன். சொல்ல வாயைத் திறந்தேன். "நாளைக்கு மூணு மணி நேரம்" என்றார்.

பிப்ரவரி 22

காலையில் துடைத்துவிடும்போது இடுப்புக்குக் கீழே தோல் கருஞ்சிவப்பாக இருந்தது. அமுக்கினால் நிறம் மாறவில்லை. இவருக்கு அது தெரியாது, வலிக்காதே. நர்ஸ் ஆராயியம்மாவை ஓடிப்போய் அழைத்து வந்தேன். பார்த்ததும் திட்டினார். "இன்னும் நாலு நாள் இப்படி கட்டி வெச்சு உட்கார்ந்தா குழி விழுந்துடும். அப்புறம் எலும்பு தெரியும். ஒரு வாரம் குப்புறதான் படுக்கணும். ஆமா, யாரு உங்கள உட்காரச் சொன்னது?"

"மூடுவண்டிக்கு" என்றார் இவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

ஆராயியம்மா போனதும் சொல்லிவிட்டேன். குப்புறப் படுத்திருந்தார். முகம் அந்தப் பக்கம். நல்லவேளை என்று நினைத்தேன், பாவி.

"ஏங்க. அது கால் இருக்கறவங்களுக்குத்தாங்க. காலாலதான் ஓட்டணும். நான் பார்த்தேன்."

தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"எப்ப பார்த்த?"

"எட்டாம் தேதி."

"இன்னிக்கு என்ன தேதி?"

"இருபத்திரெண்டு."

"பதினாலு நாளு." மெதுவாகத்தான் சொன்னார். "நான் துண்ட கட்டிக்கிட்டு உட்கார்ந்தத பார்த்துக்கிட்டுதான இருந்த நீ? அவுத்து வேற விட்டியே. ஊருக்காரன் கிட்ட சொல்லாத, சரி. நான் ஊருக்காரனா?"

ஐயோ, என்னத்தச் சொல்றது நான். என்னத்தச் சொல்லியிருக்கணும்.

பிப்ரவரி 24

மேடத்திடம் போய், என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அக்கா, என்கிட்ட சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவே போறதில்ல."

"தெரியும் மேடம். ஆனா இன்னொரு தடவ மறைச்சு வெச்சு சோறு பொங்க முடியல."

பெரிய இடத்தில் போனில் பேசிவிட்டு வந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம். கேட்டில் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது சரத்குமார் தம்பி தலையைக் குனிந்துகொண்டது.

பிப்ரவரி 27

கலியன் அண்ணன் ஆட்டோவோடு வந்தார். இவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவில்லை. ஆட்டோ காலியாகப் போயிற்று. அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 5

உப்பு வார, முன்பு வேலை செய்த அப்பாதுரை அளத்துக்கே திரும்பிவிட்டேன். விடியுமுன் போய்ப் பதினோரு மணிக்குள் வீடு. "உள்ள இருந்தவ நீ, உப்புல ஓடுதா இல்லையா?" என்று முதலாளி தினமும் கேட்கிறார். நான் உப்பு வாரும் பலகையைப் போட்டு இழுத்துக்கொண்டே இருக்கிறேன். இவரிடம் சொன்னதோடு சரி. மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கென்ன உரிமை?

புண்ணாகாமல் தோல் தேறிவிட்டது. தண்ணி, சோறு, திருப்பு. இந்த மூன்று வார்த்தைதான் வீட்டில்.

ஏப்ரல் 16

இன்று காட்டினார்கள். சென்னையில் பெரிய மேடை, புகை, பாட்டு. மரக்காணத்தில் அத்தனை பேர் கையிலும் போன். எங்கள் வீட்டுக்கே கலியன் அண்ணனும் கொளஞ்சி அக்காவும் வந்துவிட்டார்கள். நான் அடுப்பங்கரையிலேயே நின்றேன்.

தார்ப்பாய் விலகியது. அதே பலகை, அதே சக்கரம். ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தான்.

"தோ, இவ்ளோதானா?" என்றாள் அக்கா. "இதுக்கா ஆறு மாசம் ஊர கலக்கினானுங்க? எம்பேரன் ஸ்கேட்டிங் வண்டிகூட இதவிட சுத்தும்." வெளியே தெருவிலும் இதே சிரிப்பு. உப்பில் ஓடவில்லை, கடலில் ஓடவில்லை, பறக்கவில்லை. ஊர் முழுக்க ஏமாந்தது போலத்தான் இருந்தது, ஆனால் அரை மணி நேரத்தில் எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இவர் மட்டும் கடைசி வரை பார்த்தார். திரும்ப ஒரு தடவை ஓடவிட்டுக் காலை மட்டும் பார்த்தார். நான் சொன்னது சரியா என்று பார்க்கிறார் என்று தெரிந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கானுங்க" என்றார். "நடக்கறவன் நடக்காம இருக்கறதுக்கு ஒரு வண்டி."

பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வல்லி என்று. ஐம்பத்து மூன்று நாள் கழித்து.

"நீ மொத நாளே சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனா சொல்லியிருக்கணும்."

"ஆமாங்க."

"உன்ன திட்டியாவது இருந்திருப்பேன்."

"ஆமாங்க."

நான் அழுததை அவர் பார்த்தார். அவர் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். விளக்கேற்றும் நேரத்தில், "கலியன்கிட்ட கேளு, அந்த முகாம் மறுபடி எப்பன்னு" என்றார்.

மே 9

ஷெட்டைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தகரம் இருந்த இடம் இப்போது வெறும் பொட்டல்.

ஜூன் 18

விழுப்புரத்தில் முகாம். ஆட்டோவில் போக வர நாள் முழுக்க ஆயிற்று. டாக்டர் இவர் கைகளை அமுக்கிப் பார்த்து, "லோடு தூக்கின கையா? நல்ல பலம் இருக்குது" என்றார். இவர் முகத்தை நான் பார்த்தேன். எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஜூலை 30

வீல்சேர் வந்துவிட்டது. கலியன் அண்ணன் வாசற்படியை இடித்துச் சிமெண்டில் சரிவு போட்டுக் கொடுத்தார். இரண்டு நாளாக அது மூலையில் நிற்கிறது. இவர் அதைப் பார்ப்பதும் இல்லை, எடுத்துப் போ என்று சொல்வதும் இல்லை. தெருவில் எல்லாரும் பார்ப்பார்களே என்றிருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. இது மறைப்பது இல்லை, காத்திருப்பது. வித்தியாசம் உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 4

உட்கார்ந்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

ஆகஸ்ட் 26

இன்று அளத்திலிருந்து பதினோரு மணிக்கு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது.

கொஞ்ச நேரம் புரியவில்லை. இரண்டரை வருடமாக எங்கள் வீட்டுக்குப் பூட்டுப் போட்டதே இல்லை. எப்போதும் உள்ளே ஒரு ஆள் உண்டு. பூட்டை இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருந்தது. சாவி அவரிடம். கொளஞ்சி அக்கா வீட்டிலும் ஆள் இல்லை. சிமெண்டுச் சரிவில் சக்கரத் தடம் இறங்கித் தெருப் பக்கம் போயிருந்தது. எங்கே போனார்? போன் கையில்தான் இருந்தது. அடிக்கவில்லை.

எதிர்ப் பக்கம் வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்தேன். காலில் ஒட்டியிருந்த உப்பு காய்ந்து உதிர்ந்தது. எனக்கு வேறு வேலையே இல்லாதது மாதிரி இருந்தது.

பன்னிரண்டேகாலுக்குத் தெருமுனையில் வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"வந்து ரொம்ப நேரமாச்சா?"

"இப்பதாங்க வந்தேன்" என்றேன்.