அடைப்பில்லாத ரத்தக்குழாய்

14-10-97, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். கடையில் இருமல் மருந்து தீர்ந்தது. ஆர்டர் கொடுக்க வேண்டும்.
விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெஸிக்கு மறுபடியும் நெஞ்சு இறுக்கம். பத்து நிமிடம். பிறகு எழுந்து இட்லி ஊற்றி, பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டாள். மூன்று மாதமாக இப்படி. படியேறினால் ஒன்றுமில்லை, பஸ்ஸுக்கு ஓடினால் ஒன்றுமில்லை, படுத்திருந்தால்தான் வலியாம். பாறசாலையில் பதினைந்து வருடமாக மெடிக்கல் ஸ்டோர் வைத்திருப்பவனுக்குச் சொந்த மனைவிக்கு என்னவென்று தெரியாதா? டென்ஷன். பத்தாம் வகுப்புக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறாள். போன வாரத்திலிருந்து படபடப்புக்கான மாத்திரை கடையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதெல்லாம் உண்டு என்று அக்காவும் சொன்னாள்.

16, வியாழன்
ஐந்தே காலுக்கு அடுக்களையில் விழுந்து கிடந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்து. ஆட்டோவில் காரக்கோணம் ஆஸ்பத்திரி. வலி இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கோடு மேலே எழும்பி நிற்கிறது. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோடு இறங்கிவிட்டது, என் கண்முன்னால். நடிப்பு என்று ஒரு நாள் மனதுக்குள் சொன்னவன் நான்.
நாளை திருவனந்தபுரம். ஆஞ்சியோ.

18, சனி
ஆஞ்சியோ பார்த்தாயிற்று, இதயக் குழாயில் அடைப்பே இல்லை. சுத்தம். பின்னே எப்படி என்று இரண்டு தடவை கேட்டேன்.
டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரில் தசை உண்டு. அந்தத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள். அது வழியாகப் பொட்டாசியம் வெளியே போனால் தசை தளரும், குழாய் விரியும். வாசல் மூடினால் தசை இறுகும். ஜெஸிக்குக் குழாய் தானாகவே இறுகித் தன்னை அடைத்துக்கொள்கிறது, அதுவும் விடியற்காலையில். ஏன் இவளுக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த வாசலைத் திறக்கும் மாத்திரை ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம், எழுதித் தந்தார்.
ஜெஸி கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டாள்: “நான் போர்டுல ‘கே’ன்னு எழுதிப் போடுத பொட்டாசியமா, டாக்டர்?” அதேதான் என்றார். அப்படியென்றால் ஏத்தன் வாழைப்பழம் தின்றால் போதுமா என்றாள். அவர் சிரித்தார். தின்பதில் இல்லை, வாசலில்தான் காரியம் என்றார்.
பிறகு, இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று கேட்டார். ஜெஸி கைப்பையிலிருந்து படபடப்பு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பார்த்தவர் முகம் மாறியது. இந்த வகை வலிக்கு இதைக் கொடுக்கவே கூடாது, குழாயை இன்னும் இறுக்கிவிடும் என்றார். யார் எழுதியது என்று கேட்டார்.
“எழுதினது யாரும் இல்ல. இவங்க தந்ததாக்கும்.”
எத்தனை பேருக்கு இதே அட்டையை நீட்டியிருப்பேன்.

21, செவ்வாய்
வீட்டுக்கு வந்தாயிற்று. இரண்டு நாளாக வலி இல்லை. கடை திறக்கவில்லை.
மாத்திரை தந்ததற்கு மன்னித்துவிடு என்றேன் ஜெஸியிடம். புது மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:
“மாத்திர தெரியாமத் தந்தது. அது போட்டும். வலிக்குதுன்னு நான் சொல்லச்சில நீங்க பேப்பர்ல இருந்து தலைய எடுக்கல்லியே.”

26, ஞாயிறு
ஜெஸி ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் போகலாம். மாத்திரை மூன்று வேளை. லேசாகத் தலைவலி, மற்றபடி சுகம்.
கோயில் ஆராதனை முடிந்து பெருங்கடவிளையில் அக்கா வீட்டுக்குப் போனேன், எல்லாம் சொல்ல. டென்ஷன் இல்லை, அடைப்பும் இல்லை, ஆனாலும் செத்திருப்பாள் என்றேன். குழாய், தசை, வாசல், எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.
“எலே, நம்ம அம்மையும் சாவுறதுக்கு முன்ன விடியக்காலத்துலதானே நெஞ்சப் பிடிச்சா. எத்தன நாளு சொன்னா. வாயுன்னு சொல்லி நாமதானே சுக்கு வெந்நி குடுத்தோம்.”
அது வேறாக இருக்கும் என்றேன்.
“வேறன்னு நீ கண்டியாலே?”