மரபு இல்லாத மரபணு

நேற்று பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண்மணி ரசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, அட்டையிலிருந்து ஆரஞ்சு நிற மாத்திரை ஒன்றைப் பிதுக்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கினார். வெறும் வைட்டமினாகக்கூட இருக்கலாம். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. உன் மாத்திரையும் அந்த நிறம்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். “இந்த வியாதியில ஒரே நல்ல விஷயம், டாக்டரே நல்லா சாப்பிடச் சொல்றாரு” என்று மறுசோறு கேட்பாய்.

நீ நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதை மலாய் மொழியில் சொல்வது உன் வேலை. ‘சும்மாதான் தள்ளினேன்’ என்று ஒருவர் சொன்னால், அந்தச் சும்மாவைக் கைவிடாமல் மலாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாய். அப்படிப்பட்டவள் வீட்டுக் கல்யாணத்தை ஒரு சொல்லே வந்து கலைத்தது.

உனக்கு வந்தது நாட்பட்ட ரத்தப் புற்றுநோய். மருத்துவர் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டில் இரண்டு மரபணுக்கள் பாதிப் பாதியாகச் சேர்ந்து, உடம்பில் அதுவரை இல்லாத ஒரு புதிய மரபணு உண்டானது. அது செய்யும் புரதம், அணைக்க முடியாத விளக்குப் பொத்தான் மாதிரி. வெள்ளை அணுக்களைப் பெருகு, பெருகு என்று ஏவிக்கொண்டே இருக்கும். அந்தப் புரதத்தில் சக்தி வந்து அமரும் குழி ஒன்று உண்டு. மாத்திரை அங்கே முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். “பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற மாதிரி” என்றாய். இத்தனையும் நீ பிறந்து, படித்து, பிள்ளை பெற்ற பிறகு நடந்தது. உன் அம்மா கொடுத்ததில்லை, உன் மகளுக்குப் போகப் போவதுமில்லை.

ஆனால் பூச்சோங்கிலிருந்த சம்பந்தி வீட்டுக்கு எட்டியது ஒரே சொல்தான்: மரபணு. அதில் மரபு இருக்கிறதே! மரபு என்றால் பரம்பரை. பரம்பரை என்றால் பேரப்பிள்ளை. தமிழறிவு இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

கணவரை இழந்த உனக்குத் துணையாக நானும் உன் மகளோடு அங்கே வந்தேன். நீ எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாய். மாப்பிள்ளையின் சித்தப்பா எண் சோதிடம் பார்ப்பவர். ஒன்பது, இருபத்திரண்டு என்றதும் நிமிர்ந்தார்.

“ஒன்பது செவ்வாய். இருபத்திரண்டக் கூட்டினா நாலு, ராகு. ரெண்டும் சேந்தா வம்புதான் லா.”

“சரியாச் சொன்னீங்க அண்ணே. சேந்துதான் வம்பு. ஆனா சேந்தது என் எலும்புக்குள்ள, என் மக ஜாதகத்துல இல்ல.”

மாப்பிள்ளையின் அம்மா நயமாகப் பேசினார். “நாங்க ஒன்னும் தப்பா நினைக்கல அக்கா. பொண்ணுக்கு ஒரு பிளட் டெஸ்ட் பண்ணிட்டா எல்லாருக்கும் நிம்மதி.”

“அம்மா, டெஸ்ட்தானே, பண்ணிக்கிறேன்” என்றாள் உன் மகள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

“பண்ணினா, நம்ம ரத்தத்துல குத்தம் இருக்கலாம்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. வேணாம்” என்றாய். பிறகு, நான்கு கரண்டி சீனி போட்டுத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, “அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கு? பிள்ளைங்களுக்கு வரக்கூடியது அதுதான். நாங்க கேட்டோமா?” என்றாய்.

கல்யாணம் அந்தத் தேநீரோடு முடிந்தது. பையன் கடைசிவரை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பண்டமாரானுக்குத் திரும்பும் வழியெல்லாம் உன் மகள் அழுதாள். உனக்கு ஒரு டெஸ்டைவிட வீம்பு பெரிதாகப் போய்விட்டது என்றாள். நீ காரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினாய். அவள் உன்னோடு மறுபடி சரியாகப் பேசப் பல மாதம் ஆனது.

அந்த மரபணு உன்னை வெல்லவில்லை. கடைசிப் பரிசோதனைகளில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. உன்னைக் கொண்டுபோனது டிங்கி காய்ச்சல். சாவு வீட்டில் ஒருவர், “பாவம், பரம்பரை வியாதி” என்று பெருமூச்சு விட்டார். “அங்கிள், கடிச்சது கொசு. அது அவங்க சொந்தக்காரங்க இல்ல” என்றேன். மரியாதை தெரியாதவள் என்று அங்கேயே பெயர் வாங்கினேன். பரவாயில்லை.

போன மாதம் உன் மகளைப் பார்க்க வேறொரு குடும்பம் வந்தது. இந்தப் பையனையும் அவளுக்குப் பிடித்திருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. அவன் அம்மா இரண்டாவது முறுக்கை எடுத்துக்கொண்டே, “அம்மாவுக்கு ஏதோ மரபணு வியாதியாமே, எதுக்கும் ஒரு டெஸ்ட்…” என்று இழுத்தார். நான் வாயைத் திறந்தேன். உன் மகள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

“அது அம்மாவுக்கு நடுவுல வந்தது ஆன்டி, எனக்கு வராது. டெஸ்ட் பண்ண மாட்டேன். அம்மாகிட்டருந்து எனக்கு வந்தது வாய் ஒன்னுதான். அதுக்கு டெஸ்டே வேணாம், இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

பையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவன் அம்மா சிரிக்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை. எந்தப் பதில் வந்தாலும் உன் மகள் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்கப் போவதில்லை.

எனக்கும் உனக்கும் ரத்த உறவு கிடையாது. இருந்தும் அந்த வாய் எனக்கும் வந்திருக்கிறது. பிறவியில் வந்ததல்ல, உன்னோடு பழகிய பிறகு வந்தது. குணப்படுத்திக்கொள்ளும் உத்தேசம் இல்லை.