ஈரல் பார்க்காத வீடு

அன்புள்ள மாலோ,

இல்லை. நீ எழுதியதுபோல் பன்றிக்குட்டிகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள என்னால் முடியாது. மலேசியாவில், சபாவின் செம்பனைத் தோட்டத்தில் இருந்துகொண்டு பார்க்க, அது உனக்கு எளிதாகத் தெரிகிறது.

உன் அப்பா ஒருவிதமாகச் சொல்லியிருப்பார். நடந்தது இது. கோனி அக்காவின் பன்றி குட்டி போடும்போதே செத்துப்போனது. மிஞ்சியவை இரண்டு. சாரத்தில் சுற்றி எடுத்து வந்தேன். அன்றுதான் நம் புது வீட்டுக்குத் தகரம் வேய்ந்து முடித்திருந்தார்கள். உன் வீட்டாரில் யாரும் அதற்குள் காலெடுத்து வைக்கவில்லை. கஞ்சித்தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தேன். புட்டி என்னிடம் இருந்தது. எந்தப் புட்டி என்று உனக்குத் தெரியும்.

இப்போது இரண்டும் ஓடுகின்றன. பாயைக் கிளறுகின்றன, பள்ளிக்கூட நோட்டுகளைத் தின்கின்றன. காப்பி நிறக் கறுப்புக்குக் கோப்பி என்று பெயர். வெளுப்புக்கு கூலா, அதாவது சர்க்கரை. ஊரில் இதுதான் பெரிய குற்றம்.

சனிக்கிழமை குடிபுகும் சடங்கு என்று மாமா நாள் குறித்துவிட்டார். பூசாரி ராத்தோ வந்து இவற்றில் ஒன்றை அறுத்து, ஈரலைப் பார்த்து, வீடு நமக்கு ஆகுமா என்று சொல்வாராம். சொல்லிவிட்டுப் போக வந்த மாமா வாசலைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "பன்னிக்குப் பேரு வெச்சிருக்கியாமே? நாளைக்கு ஞானஸ்நானமும் குடுத்துருவியா?" என்றார். பின்னால் அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பாதிரியார் ஒத்துக்கிட்டா குடுத்துருவேன் மாமா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஈரல் பாக்காத வீட்டுல நான் கால் வெக்க மாட்டேன். என் பையனும் வெக்க மாட்டான். தெரிஞ்சுக்க."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் கல்யாணத்தில் பார்த்த ஈரலை மறந்துவிட்டாயா? மாசில்லாமல் பளபளத்ததாம். கிளை தழைக்கும் என்றார் ராத்தோ. நம் மகள் பதினோரு நாள் இருந்தாள். அதன் பிறகு யாரும் ஈரலைக் குறை சொல்லவில்லை. ஈரல் பொய் சொல்லாது, நாம்தான் எங்கோ தவறிவிட்டோம் என்றார்கள். நாம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய்.

பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கப்பல் ஏறினாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மாமாவிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். "ஈரல் அதுங்க வயித்துக்குள்ளேயே இருக்கட்டும் மாமா. இந்த வீடு ஆகுமா ஆகாதான்னு நான் இருந்து பாத்துக்கறேன்." இதற்காக உங்கள் குலம் முழுக்க என் வாசலுக்கு வராமல் போனாலும் சரி. காலையில் நான் கதவைத் திறந்ததும் இரண்டு மூக்குகள் என் கணுக்காலில் முட்டுகின்றன. ஈரமாக. அது போதும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை அறுக்கவும் விடமாட்டேன்.

உன் ஒப்பந்தம் ஈஸ்டரோடு முடிகிறது. நீட்டிக்கப்போகிறாயா என்று எழுது. அங்கே மழையில் அலையாதே, நெஞ்சுச் சளியை வளர விடாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும். வருவாயானால், யாரையும் கேட்காமல் உள்ளே வா.

உன்
பேடா

உறையை ஒட்டியபின் இதை அதன் முதுகில் எழுதுகிறேன்: இன்று மத்தியானம் ராத்தோவின் வீட்டுக்கு நடந்துபோய், சனிக்கிழமை வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.