ஆவாரங்கரையில் கட்டிய குற்றம்

1944 மார்ச் 6, திங்கள். அருப்புக்கோட்டை.

சென்னையிலிருந்து அம்மை குத்தும் மருந்தான அம்மைப்பால் வந்து சேர்ந்தது. கண்ணாடிக் குழல்களை ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்குள் வைத்தேன். வெயில் இப்போதே ஏறிவிட்டது. பால் நெடுநாள் தாங்காது. அதற்குள் திருச்சுழிப் பக்கத்து ஊர்களை முடித்தாக வேண்டும்.

நாளை அற்புதமேரி அம்மாள் புறப்படுகிறார். சுகாதார இன்ஸ்பெக்டரான என் சரகத்தில் அம்மை குத்தும் வேலையிலுள்ள ஒரே பெண். ஆண்கள் போனால் தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பருத்திக்காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். இவர் போனால் வைகிறார்கள். வைதுகொண்டே பிள்ளையின் கையை நீட்டுகிறார்கள். இந்த வேலைக்குப் பெண்ணை நியமிக்கலாம் என்று நான் எழுதியபோது சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை.

மார்ச் 8, புதன்.

ஆவாரங்கரையில் பாதி ஊர் முடிந்தது என்று அற்புதமேரி அம்மாள் வந்து சொன்னார். "ஊசிக்காரி வந்துட்டா, பிள்ளைகள ஒளிச்சு வைங்கடி" என்று கிணற்றடியில் ஒருத்தி குரல் கொடுத்தாளாம். "அவுகதான் சார் மொத ஆளாப் பிள்ளையத் தூக்கிட்டு வந்தாக. பேரு சங்கரம்மாள். வீட்டுல வேற யாருக்கும் காச்சல் இருக்கான்னு கேட்டேன், இல்லைன்னாக."

விதிப்படி கேட்டிருக்கிறார். ஏழாம் நாள், குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி போக வேண்டும்.

மார்ச் 14, செவ்வாய்.

சங்கரம்மாளின் குழந்தை நேற்று இறந்துவிட்டது. பெரியம்மை.

கொப்புளம் பார்க்கப் போன அற்புதமேரி அம்மாளை ஊர்ப்பொதுவில் வெயிலில் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். மீதமிருந்த பால் குழல்களைப் பாறையில் போட்டு உடைத்துவிட்டார்கள். திருச்சுழி வரை நடந்தே வந்து பஸ் ஏறினாராம். முழங்கையில் கீறல். எப்படி என்று கேட்டேன். கருவேல முள் என்றார். முள்ளின் கீறல் அப்படி இராது.

மார்ச் 15, புதன்.

நானே ஆவாரங்கரைக்குப் போனேன். அந்த வீட்டில், வேப்பங்குலை செருகிய மறைப்புக்குப் பின்னால், மூத்த பெண் படுத்திருக்கிறாள். பொருக்கு உதிரத் தொடங்கிவிட்டது. ஆகவே அவளுக்கு அம்மை கண்டு மூன்று வாரமாவது இருக்கும். கைக்குழந்தைக்கு முத்துப் போட்டது ஊசி குத்திய மூன்றாம் நாள். நோய் உடம்பில் புகுந்து வெளியே தெரிய ஏறக்குறையப் பன்னிரண்டு நாள் ஆகும். எனவே ஊசிக்கு முன்பே குழந்தைக்கு நோய் இருந்தது. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

இவ்வளவையும் ஊர் நாட்டாமை சோலைச்சாமியிடம் நிதானமாக விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "கணக்கு சரியாத்தான் இருக்கும்யா. ஆனா ஊசி குத்துற அன்னைக்குப் பிள்ள சிரிச்சுக்கிட்டு இருந்துச்சே" என்றார்.

சங்கரம்மாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூத்தவளுக்கு அம்மை கண்டதை ஏன் மறைத்தாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 19, ஞாயிறு.

ஊர் கூடி முடிவு செய்துவிட்டார்களாம். குற்றம் கட்ட வேண்டும். அதாவது, குற்றம் செய்தவர் மாரியம்மன் பீடத்துக்கு ஏழு குடம் தண்ணீர் ஊற்றி, விழுந்து எழுந்து, ஊரறிய 'குத்தம் என்னுது' என்று சொல்ல வேண்டும். அதுவரை அம்மை குத்துகிற எவரும் ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது.

இன்னும் பாதிப் பிள்ளைகள் குத்தப்படாமல் இருக்கிறார்கள். நோய் ஊருக்குள் இருக்கிறது.

மார்ச் 20, திங்கள்.

அற்புதமேரி அம்மாளிடம் ஊரின் முடிவைச் சொல்லி, தண்ணீர் ஊற்றுவீர்களா என்று கேட்டேன். அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றினால் ஈஸ்டர் பண்டிகைக்கு நற்கருணை கிடையாது என்று அவர்கள் சபைப் போதகர் செல்வதுரை முன்பே எச்சரித்துவிட்டாராம்.

"அது கெடக்கட்டும் சார். நான் செய்யலியே" என்றார்.

மத சம்பந்தமான தயக்கம். வற்புறுத்த எனக்கு அதிகாரமில்லை.

மார்ச் 22, புதன்.

ஆவாரங்கரையில் இன்னொரு பிள்ளைக்குக் கண்டுவிட்டது.

மார்ச் 24, வெள்ளி.

நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கீழ்நிலை ஊழியர் மேலதிகாரியின் உத்தரவின்படி செய்த காரியத்துக்கு மேலதிகாரியே பொறுப்பாளி. கை அவருடையது, உத்தரவு என்னுடையது. ஆகவே குற்றம் கட்ட வேண்டியவன் நான். இதைத் தடுக்கும் விதி எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்த அம்மாளுக்குச் சபையிலும் சங்கடமில்லை, ஊரிலும் சங்கடமில்லை. அவருக்கு நான் செய்யக்கூடிய உதவி இது ஒன்றுதான்.

சோலைச்சாமிக்கும் சம்மதம். "பெரிய அதிகாரி ஊத்துனா இன்னும் விசேசம்லய்யா" என்றார். அதன் பிறகு என் ஊழியர்கள் ஊருக்குள் வரலாமா என்று தெளிவாகக் கேட்டேன். "தாராளமா வரலாம்" என்றார்.

மார்ச் 28, செவ்வாய்.

முடிந்தது. சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பந்தல்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களும் உண்டு. ஈர வேட்டியுடன் ஏழு குடமும் ஊற்றினேன். வாசகத்தைச் சொன்னேன். கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்றார்கள். உரக்கச் சொன்னேன்.

கையெழுத்துப் போடுவதுபோல ஒரு காரியம். அதற்கு மேல் எதுவுமில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். மோர் கொடுத்தார்கள். பல நாட்களுக்குப் பிறகு இன்று பகலில் சற்றுத் தூங்கினேன்.

மார்ச் 31, வெள்ளி.

அற்புதமேரி அம்மாளை உடன் அழைத்துக்கொண்டு ஆவாரங்கரைக்குப் போனேன். குற்றம் கட்டிய செய்தியைப் பஸ்ஸில்தான் அவரிடம் சொன்னேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சந்தோஷக் கண்ணீரை மறைக்கிறார் என்று நினைத்தேன்.

ஊரில் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். விசிறி கொடுத்தார்கள். பிள்ளையை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. வெகுநேரம் பொறுத்துவிட்டுச் சோலைச்சாமியைக் கேட்டேன்.

"இனி எதுக்குங்கய்யா அந்தப் பாலு? அதுலதான் பிள்ள செத்துச்சுன்னு நீங்களே ஊரறியச் சொல்லிட்டீக. குத்தமும் கட்டியாச்சு. ஆத்தா மனசு எறங்கிருவா."

வரலாம் என்று வாக்குக் கொடுத்தீர்களே என்றேன்.

"வரலாம்னேன். வந்திருக்கீக. மோரு குடிங்க."

அவர் பொய் சொல்லவில்லை. ஊருக்குள் வரலாமா என்று கேட்டேனே தவிர, பிள்ளைகளின் கையைக் காட்டுவார்களா என்று கேட்கவில்லை. வார்த்தையை அளந்து பேசுகிறவன் என்று பேர் எனக்கு.

திரும்பும்போது அற்புதமேரி அம்மாள் சொன்னார்: "நீங்க ஒத்துக்கிட்டீக சார். இனிமே என் கையில யாரு பிள்ளையத் தருவா?"

என்ன செஞ்சுட்டேன் நான். ஏழு குடம் தண்ணி ஊத்தி, இருந்த ஒரு வழியையும் அடைச்சுட்டேனே.

ஏப்ரல் 5, புதன்.

பாலவனத்தத்துப் பக்கம் போய் வந்தோம். அங்கேயும் அதே பேச்சு. இன்ஸ்பெக்டரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று காரியாபட்டிச் சந்தையில் பேசிக்கொண்டார்களாம். சர்க்காரே வந்து காலில் விழுந்தது என்றும் ஒரு கதை. "நீங்கதானா அது?" என்று ஒரு கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நான்தான் அது.

மறுபடி தருவித்த பாலும் கெட்டுவிட்டது. அவ்வளவையும் குழிதோண்டிப் புதைத்தேன்.

ஏப்ரல் 10, திங்கள்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள்: யாருடைய அதிகாரத்தின்பேரில் இலாகாவின் சார்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டீர்? நியாயமான கேள்வி. நான் அவர்களிடத்தில் இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். எவருடைய அதிகாரத்தின்பேரிலும் இல்லை என்று பதில் எழுதினேன்.

குத்திக்கொள்ள மறுப்பவர்கள்மீது வழக்குப் போடலாம். சட்டம் இருக்கிறது. போட்டால் என்ன ஆகும்? பிராதில் என் பெயர் இருக்கும். எதிர்த்தரப்பில் என் வாக்குமூலம் இருக்கும்.

ஏப்ரல் 19, புதன்.

ஆவாரங்கரையில் மூன்று பிள்ளைகள். மூன்றும் குத்தாமல் விட்ட பிள்ளைகள். ஒன்று சோலைச்சாமியின் பேத்தி.

அற்புதமேரி அம்மாள் குத்திய பிள்ளைகளில், சங்கரம்மாளின் குழந்தையைத் தவிர, இதுவரை ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பேத்தியைப் புதைத்துவிட்டு வந்தவரிடமா?

ஏப்ரல் 26, புதன்.

அற்புதமேரி அம்மாள் வேலையை விட்டுவிட்டார். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாதம் விடுப்புத் தருகிறேன், யோசியுங்கள் என்றேன். வேறு சரகத்துக்கு மாற்றச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் வேண்டாமென்று தலையை அசைத்தார்.

"ஒங்க மேல கோவமில்ல சார். எனக்கு ஒத்தாசைன்னு நெனச்சுத்தான் செஞ்சீக. என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கேட்டேனே அம்மா என்றேன்.

"தண்ணி ஊத்துவியான்னு கேட்டீக. தப்புப் பண்ணுனியான்னு கேக்கலியே. கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். நீங்களும் அதையேதான ஊர்ல சொல்லியிருக்கணும்."

போதகருக்குப் பயந்து மறுத்தார் என்று எண்ணினேன். அன்றைக்கு அவர் சொன்னது தமிழில்தான்: நான் செய்யலியே. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

ஏப்ரல் 27, வியாழன்.

பதில் ஆள் வரச் சில மாதங்கள் ஆகுமாம்.

மே 3, புதன்.

பதில் ஆள் வரும்வரை நானே போவதென்று தீர்மானித்துவிட்டேன். இருபது வருஷத்துக்கு முன் இந்த வேலையைப் பழகியவன்தான். ஆனால் கைப்பழக்கம் விட்டுப்போயிற்று. நேற்று வாழைத்தண்டில் குத்திப் பழகினேன்.

பாலவனத்தத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். யாரும் வையவில்லை. வைதால்கூடத் தேவலை. ஒரு வீட்டுப் படலுக்கு முன் நின்றேன். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அம்மை குத்த வந்திருக்கிறேன்" என்றேன்.

அழுகை நின்றது. தானாக ஓய்ந்த அழுகை அல்ல, வாயைப் பொத்திவிட்டார்கள். இன்னொரு முறை கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிடவில்லை. நான் நிற்கும்வரை கையை எடுக்கமாட்டார்கள், குழந்தைக்கு மூச்சு முட்டுமே என்று விலகி நடந்தேன்.

தெருக்கோடிக்குப் போனபின் அழுகை மறுபடி கேட்டது.