துறைமுக நகரத்துப் பார்வையாளர்

மார்ச் 4
1. இதை எழுதுபவன், வயது அறுபத்தாறு, ஓய்வு பெற்ற வழக்கறிஞன். பதினான்கு மாதங்களுக்கு முன் என்னோடு வாய்ச்சண்டையிட்டு வீட்டைவிட்டுப் போனவனின் தகப்பன்.
2. அவன் கண்ணில் படட்டும் என்று, அவனுடைய படங்களும் என் கடிதமும் கொண்ட இணையப் பக்கம் இன்று திறக்கப்பட்டது.

கடிதத்தின் வரைவைப் படித்துவிட்டு, பக்கத்தை அமைத்த தம்பி சொன்னார்: “சார், இது மகனைக் கூப்பிடுற மாதிரி இல்ல. கோர்ட்டுக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு.” நான்கு ‘மேற்படி’களை நீக்கினேன்.

மார்ச் 11
வந்தவர்கள், வழிவாரியாக: உறவினர் பகிர்ந்த இணைப்பு மூலம் 31. தேடல் மூலம் 9. நேரடியாக 7. ஏழும் துறைமுக நகரத்திலிருந்து, நாளுக்கு ஒன்றாக, மாலை நான்கு மணிக்கு, ஒவ்வொரு முறையும் பதினோரு நிமிடம். எங்கள் வீட்டு இணைப்பைக் கணக்கில் வராதபடி முன்பே விலக்கியிருக்கிறேன்.

மார்ச் 12
துறைமுக நகரத்திலிருந்து பார்ப்பவன் அவனாக இருக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். உறுதியாகாததைச் சொல்லியிருக்கக் கூடாது.

“பதினோரு நிமிஷமா? உங்க கடுதாசிய அவன் அவ்வளவு நேரம் படிக்க மாட்டானே.” பிறகு அவளே: “போட்டோ பாக்குறான் போல.”

இரவு வயிறாரச் சாப்பிட்டாள்.

மார்ச் 19
துறைமுக நகரத்துப் பார்வையாளர் இன்றும் நான்கு மணிக்கு வந்தார்.

ஏப்ரல் 5
மனைவிக்கு மூச்சுத்திணறல், நான்கு நாட்களாக மருத்துவமனை. அவளுடைய போன் அணைந்து என் பையில் கிடக்கிறது.
துறைமுக நகரம்: நான்கு நாளும் பூஜ்யம்.

ஏப்ரல் 7
நேற்று வீடு திரும்பினோம். இன்று நான்கு மணிக்குத் துறைமுக நகரம்: ஒன்று. அப்போது அவள் உள்ளறையில், கையில் போனோடு.

தம்பியை அழைத்தேன். “அம்மா போன் டேட்டாலயா பாக்குறாங்க?” ஆம், அந்த அறைக்கு வைஃபை எட்டாது. “அப்போ போன் கம்பெனி லைன் வெளிய வர்ற ஊரத்தான் காட்டும் சார். ஆள் இருக்குற ஊர் இல்ல.”

வீட்டு இணைப்பை விலக்கினேன். வீட்டு ஆளை விலக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் குறுக்கு விசாரணை பண்ணினவன் — நீ பாக்குறியான்னு அவகிட்ட ஒரு கேள்வி கேட்டேனா? இப்போ எந்த வாயால சொல்றது?

ஏப்ரல் 8
மாலை, மாத்திரையை விழுங்கிவிட்டுக் கேட்டாள்: “இன்னைக்கு வந்தானா?”

“வந்தான்.”

“எவ்வளவு நேரம்?”

“பதினான்கு நிமிஷம்.”

“மூணு நிமிஷம் கூட,” என்றாள்.

மேற்படி பொய், சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் என்னால் சொல்லப்பட்டது.

(ஒப்பம்) அவனுடைய அப்பா

சாட்சிகள்:
1. பக்கத்தை அமைத்த தம்பி
2. வீட்டில் வேறு ஆள் இல்லை