கஞ்சா என்று பேர் வாங்கிய கீரை

மாப்ளே,

ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டு மொட்டைமாடியில், செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் வடிந்திருந்த தண்ணீரை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். நிமிர்ந்தால் மருமகன் காபி டம்ளரோடு நிற்கிறார். "மாமா, சர்க்கரை போட்டுத் தரவா?" என்றார். மரியாதையான பையன். அன்று சாயங்காலமே என்னை டாக்டரிடம் காட்டலாமா என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

அந்தத் தண்ணீர் நாக்கில் சவுக்காரம் போல வழுக்கியது. போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி மண்ணைக் களராக்கி வைத்திருக்கிறார்கள். இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அந்த வழுக்கலில் நீ வந்துவிட்டாய். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் நம் பட்டறை, காஸ்டிக் வாடை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டிய நீ.

எண்பதுகளின் கடைசி. நீ வெளுப்புப் பிரிவில். நான் டெஸ்பாட்சில் உட்கார்ந்து துணிப் பேல் மேல் முகவரி எழுதுகிறவன், மீதி நேரத்தில் ஊர்வம்பு. காஸ்டிக்கில் வேகவைத்து, பிளீச்சிங் போட்டு, அலசி அலசி, கடைசியில் ஈரத்துணியில் ஒரு துண்டு பி.எச். பேப்பரை ஒற்றிப் பார்ப்பாய். நீலம் காட்டினால் மறுபடி அலசல். "புண்ணுல படுற துணி மாப்ளே. புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது" என்பாய். லாரி வந்து வாசலில் நின்றாலும் அவசரப்பட மாட்டாய். டெஸ்பாட்சில் திட்டு வாங்குவது நான்.

அலசிய தண்ணீரெல்லாம் பட்டறைக்குப் பின்பக்கம் ஓடி, ஒரு துண்டு நிலம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. எருக்குகூட எட்டிப் பார்க்காத இடம். நீ அதையும் ஒரு துணியாகத்தான் பார்த்தாய். லாரி பேட்டரிக்கு வாங்கி வைத்திருந்த தண்ணீரில் ஒரு பிடி மண்ணைக் கலக்கி, செத்த நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரில் பேப்பரை விட்டாய். கருநீலம். "காரம் ஒன்பதுக்கு மேல நிக்கு" என்றாய். "நாம கெடுத்தது. நாமதான அலசணும்?"

கழிவுத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினாய். ஜிப்சம் தூவிக் கொத்திவிட்டு, ஐப்பசி மழை முழுவதையும் அதன்மேல் பெய்ய விட்டாய். மழை முடிந்ததும் எரு. ஞாயிறுதோறும் அய்யனார் கோவில் ஆற்றிலிருந்து சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீர் வேறு. தீர்த்தமா, சாராயமா என்று தெருவில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தை மாதம் பேப்பர் வெளிர்பச்சைக்கு இறங்கியபோது ஆறு விதை ஊன்றினாய். எங்கள் வீட்டில் புளிச்சக்கீரை, உங்கள் வீட்டுத் தெலுங்கில் கோங்கூரா.

வம்பு அங்கேதான் முளைத்தது. அந்தக் கீரையின் இலை ஐந்து விரலாக விரியும், ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக. தூரத்தில் பார்த்தால் கஞ்சாவின் கூடப் பிறந்தது மாதிரி இருக்கும். அப்போதுதான் நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தாய். பெண்ணைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதுவரை தலை சீவாதவன் சட்டைப்பையில் சீப்பு முளைத்திருந்தது. எனக்கு அதுவே போதும்.

டீக்கடையில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்காளு பட்டறைக்குப் பின்னால ஆறு செடி வச்சிருக்கான். இலையப் பார்த்தா சாமியாரெல்லாம் வரிசையில நிப்பாக" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு தெற்கே செட்டியார்பட்டி போனபோது அரை ஏக்கராகிவிட்டது. வடக்கே வன்னியம்பட்டியைத் தாண்டியபோது இரண்டு ஏக்கர், கிணற்றோடு.

பெண் வீட்டிலிருந்து இரண்டு வாரமாகத் தகவல் இல்லை. ஒரே துணியை மூன்று முறை ஒற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாய். "அவிய வேண்டாம்னாலும் சரி மாப்ளே. வாயத் திறந்து சொல்லலாம்ல?" என்றாய். அன்றைக்கே பஸ் கண்டக்டர் ஒருவர் டீக்கடையில், "உங்க கம்பெனியில கஞ்சாத் தோட்டமாம்ல? ஸ்ரீவில்லிபுத்தூர்ல பேசிக்கிடுதாக" என்றார். என் கையிலிருந்த வடை அப்படியே நின்றது.

உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். நான் செய்ததோ வேறு. புளிச்சக்கீரை பூத்துவிட்டால் அது கஞ்சா இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடுமே! சீக்கிரம் பூக்கட்டும் என்று உனக்குத் தெரியாமல் ஒரு நாளைக்கு நான்கு முறை போர் தண்ணீரை ஊற்றினேன். போதாதற்கு இரண்டு கை யூரியா. ஐந்தாம் நாள் ஆறு செடியும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. நீ வந்து பார்த்தபோது நானும் அவற்றோடு வரிசையில் அதே மாதிரி நின்றேன். டீக்கடைப் பேச்சை அங்கேதான் ஒப்புக்கொண்டேன்.

"பேசினது நீதானா?"

"நான்தான்."

குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டாய். சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. "ஏலே, வேருக்கு மூச்சு முட்டுது. இதுவும் நீதானா?"

"அதுவும் நான்தான். பூத்தா வெளங்கிரும்னு..."

"கிறுக்குப் பயலே, இது பூக்கக் கார்த்திகையாகும். இப்ப பங்குனிடா!"

அடிப்பாய் என்று கண்ணை மூடினேன். நீ மண்வெட்டியைக் கையில் கொடுத்து, "வடிகால் வெட்டு" என்றாய். அப்புறம் சிரித்தாய். என்னால் போகவிருந்த கல்யாணத்துக்கு நீ சிரிக்க, நான் வடிகால் வெட்டினேன்.

பத்து நாள் அந்தப் பக்கம் நான் வாளியோடு வரக்கூடாது என்று உத்தரவு. மண்ணைக் கிளறி ஆறவிட்டாய். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும், காலையில் மட்டும், ஆற்றுத் தண்ணீர். இரண்டு செடி போய்விட்டது. நான்கு, நுனியில் பச்சை காட்டின.

அந்தப் பச்சை தெரிந்த வாரம்தான், சாப்பாட்டு நேரத்தில், குடையோடு ஒருவர் உன்னைத் தேடி வந்து நின்றார். பெண்ணின் அப்பா. நீ பூட்ஸைக் கழற்றி வருவதற்குள் நான் பாய்ந்து அவரைப் பின்பக்கம் கூட்டிப் போய்விட்டேன். களர் என்றால் என்ன, ஜிப்சம் என்ன செய்யும், பேப்பர் எப்போது நீலமாகும், வேர் எப்படி மூச்சு விடும் என்று அரை மணி நேரம் பிரசங்கம். மூச்சு விடாதது நான் மட்டும்தான். அவர் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். "புளிப்பு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நீ ஈரக்கையோடு வந்து நின்றாய். "தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க விடுதீக தம்பி?" என்று கேட்டார்.

"நாள்கணக்கு கிடையாதுங்க. வெரல வச்சுப் பார்ப்பேன். கேட்டா குடுப்பேன்."

குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது.

தொண்ணூறுகளில் அந்த இடத்தை நீயே பார்த்தாய். முருங்கை, கறிவேப்பிலை, வரப்பு முழுக்கக் கீரை. ஷிப்டு முடிந்து போகும் பெண்கள் காலியான டிபன் பாக்ஸில் கீரையை அடைத்துக்கொண்டு போனார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போதும் எந்தத் தொட்டியைக் கண்டாலும் என் விரல் தானாக மண்ணுக்குள் போகிறது. வாயைத் திறக்கும் முன்னால் எதிரில் இருப்பவர் மனசிலும் விரல் வைத்துப் பார்க்கிறேன். பத்தில் மூன்று முறையாவது. மகள் வீட்டுச் செம்பருத்தியும் துளிர்த்துவிட்டது. மருமகனும் விரல் வைக்கிறார், ஆனால் நக்குவதில்லை.

உன் வருஷத் திதிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். இத்தனை காலம் மறைத்து வைத்த கஞ்சாப் பேச்சை உன் மனைவியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"கஞ்சாவா? எங்க வீட்டுக்கு அப்பிடி ஒரு பேச்சு வரவே இல்லையே அண்ணே. மாப்பிள்ள தங்கம், ஆனா கூட ஒரு வாயாடி சுத்துதான், அவன மட்டும் பாத்துக்கோங்கன்னுதான் விசாரிச்ச எடத்துல சொன்னாக. அதான் தகவல் சொல்லாம இருந்தாக. அப்பா அன்னைக்கு உங்களப் பாக்கத்தான் வந்தாக. அரை மணி நேரம் கேட்டுட்டு வந்து, 'பயப்பட ஒண்ணுமில்ல, அவன் வெறும் மண்ணப் பத்தித்தான் பேசுதான்'னாக."