பேச்சு போன குழந்தை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதேபோல இருப்பீர்கள் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவது என் பழக்கம், இந்தத் தடவை அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. உன் தலைக்குள் ஒரு கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு சுகமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவருக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறதாம். குளியலறைச் சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை, குழாய்க்காரர் வருகிறார், சுவரைத் தட்டிப் பார்க்கிறார், உச்சுக் கொட்டுகிறார், போய்விடுகிறார். மேல்வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு அலாரம் மாட்டியிருக்கிறார், அதற்கு பேட்டரி தீர்ந்துகொண்டு வருகிறது போல, சத்தம் நாளுக்கு நாள் சுருதி இறங்குகிறது. உனக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு அப்படி இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் விரலில் மாட்டும் கருவி நாடிக்கு ஒரு முறை கூவும், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தக் கூவல் கீழே இறங்கும், திரையைப் பார்க்காமலே என்னைப் போன்ற மயக்க மருந்து டாக்டருக்கு அது காதிலேயே தெரியும். போன வாரம் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது, மேல்வீட்டுப் படியில் நின்றுகொண்டிருந்தேன், வலது கை காற்றில் ஆக்சிஜனைக் கூட்டும் திருகு குமிழைத் தேடிக்கொண்டிருந்தது. அப்பாதான் வந்து கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனார். ரிட்டயர் ஆனது ஆஸ்பத்திரியிலிருந்துதான், காது இன்னும் டியூட்டியில் இருக்கிறது என்று கேலி செய்தார். சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி ரிசீவரை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நீ வைத்த பிறகு, அடுப்பே பத்த வைக்கலையே என்றார் அவர், வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீ அழுதாய் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். நீ கேட்டது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அம்மா, கட்டி பேச்சு வர்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்காம். என்னை முழிக்க வெச்சுப் பேசவிட்டுத்தான் எடுப்பாங்களாம். இந்த ஊர் டாக்டருங்க அவங்க பாஷையிலதான் டெஸ்ட் பண்ணுவாங்க. நம்ம தமிழ் போயிட்டா அந்த ரூம்ல யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. நீ வந்து என்கூடப் பேசிட்டு இருப்பியா?" கோர்ட்டில் மொழிபெயர்த்து, இரண்டு மொழிக்கு நடுவில் நின்று பிழைப்பவள் நீ, மற்றவர்களுக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது. நீ சொன்னது சரியும்கூட. இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒன்றைத் தொட்டால் மற்றது தப்பித்துக்கொள்ளும், அந்த மாதிரி ஆபரேஷன்களில் எத்தனையோ தடவை தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அப்படி இருந்தும் ஏன் வாயடைத்துப் போனேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாது, குரல் உடைந்தால் நீ பயந்துவிடுவாய்.

உனக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்த வயதில், ஒரு பள்ளி விடுமுறை நாள், நீ ஒரு விளையாட்டு ஆரம்பித்தாய், யார் என்ன கேட்டாலும் பேசுவதில்லை என்று. அப்பா கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார், பேசவில்லை. நான் கேட்டேன், உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாய். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன், அழுகை நிற்கவில்லை. நீ பயந்துபோய் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாய். பெரியவளானதும் இரண்டு மூன்று முறை அதைப் பற்றிக் கேட்டாய், களைப்பு என்று மழுப்பிவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் வார்டில் உன் வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. தையல்காரர் ஒருவரின் மகள். காலையில் தலைவலி, வாந்தி, நடந்தால் தள்ளாட்டம், பின்மூளையில் கட்டி. கெட்ட ஜாதிக் கட்டி இல்லை, முழுசாக எடுத்துவிட்டால் பிழைத்துவிடுவாள். ஓயாத பேச்சு. டாக்டருக்கு ஏன் வெள்ளைக் கோட்டு, ஊசிக்கு வலிக்குமா வலிக்காதா, சுவரில் பல்லி தலைகீழாகப் போகிறதே அதற்கு மயக்கம் வராதா என்று வார்டையே உலுக்கி எடுப்பாள். நர்சுகள் வைத்த பெயர் வாயாடி. மயக்க மருந்து முகமூடியை முகத்தருகே கொண்டுபோனபோது அதைத் தள்ளிவிட்டு என்னைக் கேட்டாள், "நான் தூங்கறப்ப நான் எங்க இருப்பேன்?" அந்தக் கேள்வியை எந்த நோயாளியும் அதற்கு முன் என்னிடம் கேட்டதில்லை. இங்கேயேதான் இருப்பாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன் என்றேன். சரி என்று தானே முகமூடியை இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இதை நான் சமாதானத்துக்காக எழுதவில்லை, உண்மையிலேயே நன்றாக நடந்தது. செய்தவர் நம் மீசை மாமா, உனக்கு வாய்ப்பாடு கேட்டு அழ வைப்பாரே, அவர்தான். கட்டி முழுவதும் வந்தது. குழந்தை கண் விழித்தாள், தண்ணீர் கேட்டாள், அப்பா எங்கே என்றாள். நாங்கள் எல்லோரும் டீ குடிக்கப் போனோம். மறுநாள் மதியம் போய்ப் பார்த்தபோது பேச்சில்லை. கண் திறந்திருக்கிறது, மூச்சு, நாடி, ஸ்கேன் எல்லாம் சரி, கை கால் அசைகிறது, பேச்சு மட்டும் இல்லை. மெல்லிய முனகலாக ஒரு அழுகை, அதுவும் கண்ணீர் இல்லாமல். பின்மூளையில் கட்டி எடுத்த சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும், யாருடைய தவறும் இல்லை, பெரும்பாலும் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ திரும்பி வரும் என்று எங்களுக்குத் தெரியும். தையல்காரரை உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினேன், தலையாட்டினார். மறுநாள் நான் போனதும் எழுந்து நின்று, கோபமே இல்லாமல், தைக்கக் கொடுத்த துணி எப்போது கிடைக்கும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். "எம்பொண்ணை எழுப்பிட்டீங்க டாக்டரம்மா. அவ பேச்சை எப்ப எழுப்புவீங்க?" மறுபடி படம் போட்டேன், மறுபடி தலையாட்டினார். அடுத்த நாளும் அதே கேள்வி.

தினம் போனேன். பாடம் நடத்திவிட்டு, தியேட்டர் முடித்துவிட்டு, அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசுவேன். பேசிக்கொண்டே இருப்பேன் என்று சொல்லியிருந்தேனே, அதனால். பல்லிக் கதை சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னேன், உனக்குப் பல் ஆடுகிறது, பயத்தில் ரொட்டியை ஓரப் பல்லால் கடிக்கிறாய் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்வையில் ஒன்றும் இருக்காது என்று சொல்ல மாட்டேன், ஏதோ இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. பூட்டிய வீட்டின் ஜன்னலில் யாரோ நின்று பார்க்கிற மாதிரி. வீட்டுக்கு வந்தால் நீ அதே வயதில் அதே கண்ணோடு ஓடி வருவாய். மத்தியானம் நீ தூங்கினால் எழுப்பி ஏதாவது கேட்பேன், நீ எரிச்சலாக ஏதாவது முணுமுணுத்தால்தான் எனக்கு மூச்சு வரும். பேசாத விளையாட்டை நீ அந்த நாட்களில்தான் கண்டுபிடித்தாய். அப்பாவிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

தையல்காரர் ஒரு நாள் குழந்தையைத் தோளில் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். நாங்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகு, புறநோயாளிப் பிரிவில் யாரோ என் சேலைத் தலைப்பை இழுத்தார்கள். அவள்தான். வளர்ந்திருந்தாள். பேச்சு வந்துவிட்டது, ஆனால் பழைய பேச்சு இல்லை கண்ணு. ஒவ்வொரு சொல்லாக, ஈரத்தரையில் வழுக்காமல் கால் வைத்து நடக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசினாள். "நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு. பல்லி. உங்க பாப்பா பல்லு. பதில் என்கிட்ட இருந்துச்சு. வேற ரூம்ல இருந்துச்சு. கதவு தெரியல." தலைப்பை விடாமலே சொன்னாள், "நீங்க பேசினதால எந்தப் பக்கம்னு தெரிஞ்சுது." நான் அவள் தலையைத் தடவினேன், வெட்டிய இடத்தில் புது முடிக்கு அடியில் தழும்பு விரலில் தட்டுப்பட்டது. தையல்காரர் என்னைத் தனியாக அழைத்து, ராத்திரி இருட்டில் குரலை மட்டும் கேட்டால் வேற யாரோ பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட்டது போலத் திடுக்கிடுகிறது என்றார். பிறகு தானே, "இருந்துட்டுப் போகட்டும், அதுவும் எம்பொண்ணுதான்" என்றார். அதன் பிறகு அவர்கள் வரவில்லை, வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகளைத் தூங்க வைத்தேனோ கணக்கில்லை. அவர்கள் தூங்கும்போதும் அவர்களோடு பேசினேன். தியேட்டரில் எனக்கு ரேடியோ என்று பெயர், உனக்குத் தெரியும். குழந்தை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லும்வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்று மாணவர்களை விரட்டுவேன், கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். மூளை ஆபரேஷன் முடிந்த குழந்தைகள் விழிப்பது பற்றி நான் எழுதிய கட்டுரைகளைப் பிரிவுபசார நாளில் மேடையில் அடுக்கிப் பாராட்டினார்கள். மருந்தளவு, நேரம், மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் அவற்றில் இருக்கிறது. தையல்காரர் மகள் எழுப்பிய கேள்வியால்தான் பாதி எழுதினேன், ஒன்றிலும் அவள் இல்லை. தூங்குகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இத்தனை வருடம் வாசலில் காவல் இருந்தும் எனக்குத் தெரியாது. நீ போனில் அந்த வேண்டுகோளை வைத்தபோது எனக்குக் கேட்டது உன் குரல் இல்லை. தையல்காரர் எழுந்து நிற்கிற சத்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மயக்க மருந்து டாக்டருக்கு எழுதினேன், சின்னப் பெண், என் கட்டுரை ஏதோ படித்திருக்கிறாளாம், மரியாதையாகப் பதில் போட்டாள். தலைமாட்டில் உட்கார்ந்து உன்னோடு தமிழில் பேச அனுமதி கிடைத்துவிட்டது. அம்மாவாக மட்டும் வர வேண்டும், திரையைப் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை ஆலோசனை சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. ஒப்புக்கொண்டேன். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது என்று தெரியவில்லை, பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் எடுத்தாயிற்று, ஆபரேஷனுக்கு முந்தின வாரம் வந்துவிடுவேன். அப்பா வரவில்லை, குழாய்க்காரரைத் தனியாக விட முடியாதாம், அவர் பயத்துக்கு அந்தப் பெயர்.

அங்கே எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மண்டைத் தோலை ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்கள், மூளைக்கு வலி தெரியாது. எலும்பைத் திறக்கிற நேரத்தில் தூங்க வைத்துவிட்டுப் பிறகு எழுப்புவார்கள். முகத்துக்கு மேல் துணிக்கூடாரம் இருக்கும், அதற்குள் உன் முகமும் என் முகமும்தான். படம் காட்டிக் கேட்பார்கள், நானும் கேட்பேன். சின்ன மின்சாரத்தால் தொட்டுப் பார்க்கும்போது சொல் நின்றுவிடும். அது போய்விட்டது என்று நினைக்காதே, கையை எடுத்ததும் வந்துவிடும், இந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிவதே அப்படித்தான். ஒரு பஸ் டிரைவருக்கு இப்படிச் செய்தோம், தன் ரூட்டில் உள்ள நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார், பிறகு தொடர்ந்தார். வண்டிதான் நின்னுச்சு மேடம், எஞ்சின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு என்றார். அவர் மறுபடி வேலைக்கும் போனார்.

உன் பேச்சு இம்மியும் குறையாமல் திரும்பும் என்று எழுதத்தான் ஆசை. மற்ற பெற்றோரிடம் அப்படிச் சொல்லாதவள் உன்னிடம் சொன்னால் நீயே நம்ப மாட்டாய். அந்தக் கூடாரத்துக்குள் என் குரல் நடுங்கலாம், கண்டுகொள்ளாதே. ஒருவேளை உன் பேச்சு கொஞ்சம் வேறு மாதிரித் திரும்பி வந்தால், முதலில் எனக்குத் திடுக்கிடும், மறைக்க மாட்டேன். அந்தக் குரலை என் மகள் என்று நான் பழகிக்கொள்வதற்கு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், பக்கத்தில்தான் இருப்பேன். நீ எதைச் சொல்ல நினைத்தாலும் அவசரமே இல்லாமல் சொல்லலாம்.

மனசு தெளிந்து, உடம்பு தேறி, நீண்ட காலம் நன்றாக இரு என் தங்கமே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், அவருக்கும் எங்கள் ஆசி. வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதே. தலைமுடியை வீட்டில் நீயாகச் சவரம் செய்துகொள்ளாதே, அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடுகிறது என்றாயே, அதை உன் வாயில் குழாய் போடப்போகிற அந்தச் சின்னப் பெண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடு.

இப்படிக்கு,
புறப்படத் தயாராக இருக்கும்
உன் அம்மா